வாடகைக்கு இருப்பவரை முறைப்படி எழுப்புவது எப்படி? திருகோணமலை வீட்டுக்காரருக்கு ஓர் எளிய விளக்கம்

வீடு உங்களுடையது. உறுதி உங்கள் பெயரில் இருக்கிறது, சோலைவரியும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஆனாலும் திறப்பை இன்னொருவர் கையில் கொடுத்து மாதாமாதம் வாடகை வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் இரண்டு உரிமைகள் குடியிருக்கின்றன. ஒன்று உங்கள் உரித்து. மற்றது அவருடைய உடைமை, அதாவது வீட்டைக் கையில் வைத்திருக்கும் நிலை. உரித்துக்காரர் நினைத்த மாத்திரத்தில் உடைமையைத் திருப்பி எடுக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். இலங்கைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குடியிருப்பவர் தானாகத் திறப்பைத் தர வேண்டும், அல்லது நீதிமன்றம் எடுத்துத் தர வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

ஆகவே வீட்டுக்காரர் முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன: முதலில் வாடகை உறவைச் சரியாக முடிப்பது, பிறகு உடைமையைத் திரும்பப் பெறுவது. வழக்குகள் பெரும்பாலும் சறுக்குவது முதல் வேலையில்தான். கடிதத்தில் திகதி பிழைத்துவிடும், அல்லது கடிதம் அனுப்பிய பிறகு பழக்கதோஷத்தில் வாடகையை வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதிக்கொடுத்திருப்பார்கள்.

பூட்டை மாற்றினால் என்ன நடக்கும்

குடியிருப்பவர் ஊருக்குப் போன நேரம் பார்த்துப் புதுப் பூட்டுப் போடுவது, கரண்டை வெட்டுவது, கிணற்று மோட்டரைக் கழற்றுவது, சாமான்களை விறாந்தையில் இறக்கி வைப்பது. கோபத்தில் இதெல்லாம் சுருக்கு வழியாகத்தான் தெரியும். பூட்டை மாற்றியவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

வெளியே தள்ளப்பட்டவர் பொலிசுக்குப் போவார். சமாதானம் குலையும் என்று பொலிசுக்குத் தோன்றினால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் விடயத்தை நீதிமன்றத்துக்கு அறிக்கையிடும். பொலிஸ் அசையாவிட்டாலும் அவரே சத்தியக்கடதாசியோடு போகலாம். அங்கே நீதவான் உங்கள் உறுதியைப் பெரிதாகப் பார்க்க மாட்டார். அறிக்கையிட்ட அன்று வீட்டைக் கையில் வைத்திருந்தவர் யார், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பவைதான் கேள்வி. பலவந்தமாக வெளியேற்றப்பட்டது தெரிந்தால் வீடு அவரிடமே திரும்பப் போகும்.

அதோடும் முடியாது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின் 4 ஆம் பிரிவு, சட்டமுறையின்றி வெளியேற்றப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் உடைமையை மீளக் கேட்டு வழக்குப் போட இடம் தருகிறது. அந்த வழக்கில் அவர் தன் உரித்தை நிரூபிக்கத் தேவையில்லை. நட்டஈடும் கேட்கலாம். அப்போது நீங்கள் எதிராளி. ஆறு மாத வாடகை தராதவர் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவராக நிற்பார்.

நிலுவைக்கு ஈடாகச் சாமானைப் பிடித்து வைப்பதும் இதே வகைதான். வாடகை நிலுவைக்காகக் குடியிருப்பவரின் பொருட்கள்மேல் வீட்டுக்காரருக்கு ஓர் உரிமை எங்கள் ரோமன் ஒல்லாந்தச் சட்டத்தில் உண்டு. ஆனால் அது நீதிமன்றக் கட்டளையோடு செயற்படும் உரிமை. குளிர்சாதனப் பெட்டியை உங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவதற்கு அது அனுமதிப் பத்திரம் ஆகாது.

பொலிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொலிஸ் முறைப்பாட்டை எழுதும், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசும். “ஒரு கிழமைக்குள் எழும்ப வேண்டும்” என்று பொறுப்பதிகாரி சொன்னாலும் அது வெளியேற்றும் கட்டளை அல்ல. கிராம உத்தியோகத்தரின் கடிதமும் அப்படித்தான். இரண்டும் பின்னால் சாட்சியமாகப் பயன்படலாம், அவ்வளவுதான்.

உங்கள் வீடு எந்தச் சட்டத்துக்குள் வருகிறது

கடிதம் எழுத உட்காரும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னறிவித்தல் காலம், காட்ட வேண்டிய காரணம் எல்லாம் இதற்கேற்ப மாறும்.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் நகர எல்லைகளில் குடியிருப்பவரைப் பலமாகப் பாதுகாக்க வந்த சட்டம். அதற்குள் வரும் வீட்டில் வாடகையை நினைத்தபடி ஏற்ற முடியாது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்க முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று இல்லாமல் எழுப்பவும் முடியாது. 1980 ஆம் ஆண்டின் 55 ஆம் இலக்கத் திருத்தமும் 2002 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கத் திருத்தமும் பெருந்தொகையான வீடுகளை இதற்கு வெளியே எடுத்துவிட்டன. அண்மைக் காலத்தில் உப்புவெளியிலோ அலஸ்தோட்டத்திலோ கட்டி வாடகைக்கு விட்ட வீடு, பாலையூற்றில் மேல்மாடியாக எடுத்த அனெக்ஸ் போன்றவை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். தகப்பனார் காலத்தில் மத்திய வீதிப் பக்கம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்து, அந்தக் குடும்பத்தின் மகன் இன்னும் சில நூறு ரூபாய் வாடகையோடு இருக்கும் வீடோ கடையோ என்றால், அநேகமாக உள்ளே இருக்கும்.

இதை உறுதிப்படுத்த உங்கள் கையில் இருக்க வேண்டியவை மூன்று: வீடு எந்த உள்ளூராட்சி எல்லைக்குள் இருக்கிறது, சோலைவரிப் பதிவேட்டில் அதன் ஆண்டுப் பெறுமதி எவ்வளவு, இந்தக் குடும்பத்துக்கு முதன்முதல் வாடகைக்குக் கொடுத்தது எப்போது. இந்த மூன்றையும் கொண்டுபோனால் சட்டத்தரணி முதல் சந்திப்பிலேயே பதில் சொல்லிவிடுவார். இல்லாமல் போனால் “பிறகு வாருங்கள்” என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

பதினொரு மாதக் கதை

தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு “பதினொரு மாத அக்ரிமென்ட் போட்டால் போதும்” என்று சொல்பவர்கள் திருகோணமலையிலும் பெருகிவிட்டார்கள். அது இந்தியப் பதிவுச் சட்டத்தின் ஒரு வருட எல்லையைத் தாண்டாமல் இருக்கச் செய்யும் வேலை. இங்கே கதை வேறு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்து வைத்த ஒரு வருட ஒப்பந்தம் ஒரு வருடக் குத்தகையாக நிற்காது.

அதற்காக அது வெறும் தாள் என்றும் இல்லை. குடியிருப்பவர் வந்து இருக்கிறார், மாதாமாதம் வாடகை தருகிறார், நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால் மாத வாடகை உறவு ஒன்று உருவாகிவிடுகிறது. அந்தத் தாள் வாடகைத் தொகைக்கும் தொடங்கிய திகதிக்கும் சாட்சி. ஆனால் “ஒரு வருடம் முடிந்தது, வெளியே போ” என்று அதை நீட்ட முடியாது. மாத வாடகையாகவே எண்ணி, முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

நொத்தாரிசுக் குத்தகை இருந்தால் கால முடிவுத் திகதியில் உறவு தானாக முடிகிறது. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. முடிவுத் திகதிக்குப் பிறகு அவர் தொடர்ந்திருக்க, நீங்கள் ஒரு மாத வாடகையை வழக்கம்போல வாங்கினாலே, மாத வாடகையாக அது புதுப்பிக்கப்பட்டது என்று வாதாட இடம் கிடைக்கும். எனவே முடிவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, புதுப்பிக்கப் போவதில்லை என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அறிவித்தலில் திகதிதான் உயிர்

வாடகைச் சட்டத்துக்கு வெளியே இருக்கும் மாத வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். இங்கே காரணம் காட்ட வேண்டியதில்லை. ஒரு முழு வாடகை மாத முன்னறிவித்தல் போதும். “முழு”, “வாடகை மாதம்” என்ற இரண்டு சொற்களிலும்தான் பிழை நடக்கிறது.

உங்கள் வாடகை மாதம் 1 ஆம் திகதி தொடங்குகிறது என்று வைப்போம். நவம்பர் 30 ஆம் திகதி வெளியேறச் சொல்ல விரும்பினால், கடிதம் அக்டோபர் 31 ஆம் திகதிக்குள் அவர் கையில் கிடைத்திருக்க வேண்டும். அக்டோபர் 29 தபாலில் போட்டு, நவம்பர் 3 கிடைத்தால், நவம்பர் முழு மாதம் ஆகாது. அந்த அறிவித்தல் பிழை. நவம்பர் 10 ஆம் திகதி கடிதம் கொடுத்து “முப்பது நாளில், டிசம்பர் 10 க்குள் எழும்பவும்” என்று எழுதுவதும் பிழை, ஏனென்றால் வாடகை மாதத்தின் நடுவில் உறவை முடிக்க முடியாது. அவர் 10 ஆம் திகதி குடிவந்து 10 க்கு 10 வாடகை தருபவராக இருந்தால் மாதம் 9 ஆம் திகதி முடிகிறது. அதன்படி எண்ணுங்கள்.

பிழையான அறிவித்தலின் விலை ஒரு மாதத் தாமதம் மட்டும் அல்ல. அதை வைத்து வழக்குப் போட்டு, ஒன்றிரண்டு வருடத் தவணைகளுக்குப் பிறகு “உறவு முறையாக முடிக்கப்படவில்லை” என்று வழக்குத் தள்ளுபடியானால், புதுக் கடிதத்தோடு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே சந்தேகம் இருந்தால் கூடுதலாக ஒரு மாதம் விடுங்கள். அக்டோபர் கடைசியில் எழுதும் கடிதத்துக்கு டிசம்பர் 31 என்று போடுவதால் எதையும் இழக்க மாட்டீர்கள். மார்கழி அடைமழையில் வீடு தேடி அலைபவருக்கும் அந்த ஒரு மாதம் பெரிய உதவி.

கடிதத்தில் வளவின் சோலைவரி இலக்கம், வீதி, இரு பக்கத்துப் பெயர்கள், மாத வாடகை, வாடகை மாதம் தொடங்கும் நாள், உறவு முடியும் திகதி, அன்று காலியான உடைமையை ஒப்படைக்க வேண்டும் என்ற வசனம் ஆகியவை வர வேண்டும். நிலுவை இருந்தால் மொத்தமாக “மூன்று லட்சம் தர வேண்டும்” என்று எழுதாமல் எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். முடிவுத் திகதிக்குப் பிறகும் இருந்தால் மாதம் எவ்வளவு வீதம் நட்டமாகக் கேட்பீர்கள் என்பதையும் சேருங்கள். கோபத்தை எழுத வேண்டாம். நீதிபதி வாசிக்கப் போகும் முதல் ஆவணம் இது.

அவருக்கு விளங்கும் மொழியில் எழுதுவது நல்லது. திருகோணமலையில் வாடகைக்கு இருப்பவர் மாற்றலாகி வந்த சிங்கள உத்தியோகத்தராகவும் இருக்கலாம். தமிழில் மட்டும் எழுதி “விளங்கவில்லை” என்ற பதிலுக்கு இடம் கொடுப்பானேன்? சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகத் துண்டை மூலப் பிரதியின் நகலோடு பின் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். கையிலும் ஒரு பிரதி கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து எடுத்தால் இன்னும் நல்லது. வாட்சப்பில் படம் அனுப்பியது மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

அறிவித்தலுக்குப் பிறகு வரும் பணம்

கடிதம் போய்விட்டது. முடிவுத் திகதியும் கடந்தது. அடுத்த மாதம் 1 ஆம் திகதி அவர் வழக்கம்போல உங்கள் கணக்கில் பணம் போடுகிறார். இந்த இடத்தில்தான் நல்ல வழக்குகள் கெடுகின்றன. “டிசம்பர் வாடகை பெற்றுக்கொண்டேன்” என்று பற்றுச்சீட்டு எழுதினால், அறிவித்தலைக் கைவிட்டீர்கள், அல்லது புதிய வாடகை உறவு ஏற்பட்டது என்று மறுபக்கம் சொல்லும். பணத்தை மறுக்க வேண்டிய தேவை இல்லை. அது வாடகையாக அல்ல, முடிவுத் திகதிக்குப் பின்னரான பயன்பாட்டுக்கான நட்டஈடாக, உங்கள் உரிமைகளுக்குப் பாதிப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்று உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

இதற்கு நேரெதிரான தந்திரம் ஒன்று வீட்டுக்காரர் பக்கத்திலும் உண்டு. வாடகையை வேண்டுமென்றே வாங்காமல் விட்டு, மூன்று மாதம் கழித்து “நிலுவை” என்று வழக்குப் போடுவது. இது வேலை செய்யாது. வாடகையைத் தர முன்வந்ததாக அவர் காட்டினால் நிலுவை என்ற காரணம் விழுந்துவிடும். வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடென்றால், வீட்டுக்காரருக்குக் கொடுக்காமல் உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரமளிக்கப்பட்டவரிடம் வாடகையைக் கட்டவும் அவருக்கு உரிமை இருக்கிறது. அங்கே கட்டியிருக்கிறாரா என்று விசாரிக்காமல் நிலுவைக் கடிதம் எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு நடப்பது.

வாடகைச் சட்டத்துக்குள் இருக்கும் பழைய வீடு

இங்கே 22 ஆம் பிரிவுதான் வாசல். அதில் வரும் முக்கிய காரணங்கள்: வாடகை நிலுவை, வீடு உங்களுக்கோ உங்கள் குடும்பத்தவருக்கோ நியாயமாகத் தேவைப்படுவது, குடியிருப்பவரின் செயலாலோ கவனக்குறைவாலோ கட்டடம் பழுதாவது, அயலுக்குத் தொல்லை கொடுப்பது. உங்கள் எழுத்துமூல அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவது 10 ஆம் பிரிவில் வருகிறது.

நிலுவை என்ற காரணத்தில் எண்கள் முக்கியம். சட்டப்படியான வாடகை மாதம் 100 ரூபாய்க்கு மேற்படாத வீடென்றால் மூன்று மாத நிலுவை இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் ஒரு மாதம். முதல் தடவை நிலுவையென்றால் மூன்று மாத முன்னறிவித்தல், இரண்டாம் தடவை இரண்டு மாதம், மூன்றாம் தடவை ஒரு மாதம். அந்தக் காலம் முடியுமுன் அவர் நிலுவை முழுவதையும் கொண்டுவந்து நீட்டினால் வழக்குப் போட முடியாது. வீட்டுக்காரருக்கு இது எரிச்சலூட்டும் விதிதான். ஆனால் முதல் தடவை தவறியவருக்கு ஒரு வாய்ப்பு, திரும்பத் திரும்பத் தவறுபவருக்குக் குறுகும் அவகாசம் என்ற கணக்கு நியாயமானது.

“எனக்கு வீடு தேவை” என்ற காரணத்துக்கு அவகாசம் நீளம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் திட்டமிடுங்கள். சில வகை வீடுகளுக்கு ஒரு வருடம். வழக்கில் நீதிமன்றம் இரண்டு குடும்பங்களின் கஷ்டத்தையும் தராசில் வைக்கும். மகள் கலியாணம் முடித்து வருகிறாள், நீங்களே வேறிடத்தில் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்பவற்றுக்குச் சான்று வேண்டும். அந்தப் பக்கம் வேறு வீடு தேட என்ன முயற்சி எடுத்தார்கள் என்றும் பார்க்கப்படும். இன்னொரு கண்ணி: ஆள் இருக்கும் வீட்டை மலிவாக வாங்கிவிட்டு, அடுத்த மாதமே “எனக்குத் தேவை” என்று சொல்ல முடியாது. குடியிருப்பவர் வந்த பிறகு விலைக்கு வாங்கியவருக்கு இந்தக் காரணம் பொதுவாகக் கைகொடுக்காது. முதுசமாக வந்தவருக்கு நிலை வேறு. ஆளோடு சேர்த்து வீடு வாங்கப் போகிறவர்கள் முற்பணம் கட்ட முன்பு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

குடியிருப்பவர் இறந்தாலும் உறவு தானாக அறுந்துவிடாது. அவரோடு கூட வாழ்ந்த மனைவி, பிள்ளைகள் போன்றோர் அந்த இடத்துக்கு வர இந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. செத்தவீட்டு எட்டுச் செலவு முடிந்த கையோடு திறப்பைக் கேட்டுப் போவது நாகரிகமும் அல்ல, சட்டமும் அல்ல.

பேச்சு, மத்தியஸ்தம், வழக்கு

கடிதம் போன பிறகும் பேசலாம். பேச வேண்டும். மத்தியஸ்த சபை 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. சிறிய தொகைப் பிணக்குகள் பலவற்றை அங்கே கொண்டுபோய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் எடுத்த பிறகுதான் நீதிமன்றம் ஏற்கும். உங்கள் விடயம் அதற்குள் வருகிறதா என்பதை வழக்குப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் போவதில் நட்டமில்லை. “மூன்று மாதத்தில் எழும்புவேன், நிலுவையில் பாதியை விட்டுவிடுங்கள்” என்ற பேச்சு அங்கே எழுத்தாக வரும்.

பாதி நிலுவையை விட்டுக்கொடுப்பது தோல்விபோலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 30,000 ரூபாய் வாடகை, நான்கு மாத நிலுவை என்றால் 120,000. அதில் பாதி 60,000. வழக்கு இரண்டு வருடம் போனால் கையில் வராத வாடகை மட்டும் 720,000. தீர்ப்பில் அதை எழுதித் தந்தாலும் இல்லாதவரிடம் எப்படி வாங்குவது? காசில்லாதவரோடு வழக்காடும்போது பணத்தை இரண்டாவதாகவும் வீட்டை முதலாவதாகவும் வையுங்கள்.

வழக்கென்று வந்தால் இடம் மாவட்ட நீதிமன்றம். வழமையான நடைமுறையில் வழக்குரை தாக்கல், அழைப்பாணை, எதிராளியின் மறுமொழி, விசாரணை, தீர்ப்பு, அதன் பிறகு மேன்முறையீடு என்று நீளும். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த கட்டடங்களின் உடைமையை மீளப் பெறுவதற்கு ஒரு சுருக்கு நடைமுறையைக் கொண்டுவந்தது. எழுத்துமூலக் குத்தகை முடிந்தும் எழும்பாதவருக்கு எதிராக, ஆவணங்களும் சத்தியக்கடதாசியும் ஒழுங்காக இருந்தால், நீதிமன்றம் ஆரம்பத்திலேயே நிபந்தனையோடான தீர்ப்பாணை, அதாவது எதிர்ப்பு ஏற்கப்படாவிட்டால் இறுதியாகும் தீர்ப்பு, வழங்கும். எதிர்க்க விரும்புபவர் நீதிமன்றத்தின் அனுமதி எடுத்துத்தான் தன் வாதத்தை வைக்க வேண்டும். வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுத்தவருக்கு இந்தப் பாதை கைக்கு எட்டாது. நொத்தாரிசுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பழைய வாடகைச் சட்ட வீடுகளுக்கு அவற்றின் பழைய பாதைதான்.

தீர்ப்புக் கிடைத்த அன்றும் நீங்களாகப் போய்க் கதவைத் திறக்க முடியாது. தீர்ப்பை நிறைவேற்றும் எழுத்தாணைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கால் அதிகாரி வந்து, உள்ளிருப்பவரை அகற்றி, உடைமையை உங்களிடம் ஒப்படைத்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். பூட்டுக்காரர், சாமான் ஏற்றி இறக்க ஆட்கள், லொறி ஆகியவற்றை அன்றைக்கு நீங்கள் ஒழுங்கு செய்திருக்க வேண்டும்.

வழக்கு நடுவில் எந்தத் தவணையிலும் இணங்கிப் போகலாம். இணக்கத்தை நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றுங்கள்: இந்தத் திகதியில் எழும்புவார், எழும்பாவிட்டால் புது வழக்கில்லாமல் எழுத்தாணை எடுக்கலாம். நீதிமன்ற வாசலில் கைகொடுத்துப் பிரிந்த இணக்கங்களுக்கு அந்தப் பலம் இல்லை. வருமானம் குறைந்தவர்கள், வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ, சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பத்து வருடப் பயம்

“பத்து வருடம் இருந்தால் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடும்” என்ற பேச்சு பல வீட்டுக்காரரைத் தூங்கவிடுவதில்லை. பத்து வருட ஆட்சி என்பது உங்கள் உரித்தை மறுத்து, தன்னுடையது என்ற நிலையில் வைத்திருப்பவருக்கு உரியது. வாடகைக்கு வந்தவர் உங்கள் உரித்தை ஏற்றுக்கொண்டே உள்ளே வந்தவர். வாடகைக்காரராக இருக்கும்வரை அதை மறுக்கச் சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் 116 ஆம் பிரிவு அவரை விடாது. வாக்காளர் இடாப்பில் உங்கள் வீட்டு இலக்கத்தில் அவர் பெயர் இருப்பதாலும் உரித்து வராது. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கப் பதிவு கேட்பவருக்கு இந்தப் பயத்தால் மறுக்க வேண்டியதில்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இடம்பெயர்ந்து போகும்போது “பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வாய்ச்சொல்லில் விட்ட வீடு, வாடகையும் இல்லை, கடிதமும் இல்லை, வீட்டுக்காரர் லண்டனிலோ கனடாவிலோ இருக்க இங்கே இருபது வருடம் ஓடிவிட்டது. அங்கே அவர் வாடகைக்காரர், அல்லது அனுமதியோடு இருப்பவர் என்று காட்ட எதுவும் இல்லை. அப்படி ஒரு வீடு இருந்தால் எழுப்புவதைப் பற்றி யோசிக்க முன், சிறு தொகையானாலும் வாடகை வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள், அல்லது உங்கள் அனுமதியோடு இருக்கிறார் என்று இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அறிவித்தல் அனுப்பவும் வழக்கு நடத்தவும் இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்படும் எழுத்துமூல அதிகாரம், கொடுக்க வேண்டும். அது அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் சான்றுபடுத்தப்பட்டு இங்கே பதிவாக வேண்டும். தம்பி வாய்வழியாகப் போய் “அண்ணன் எழும்பச் சொன்னார்” என்றால் செல்லாது. வாய்வழி வாடகையின் நிலுவைக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதையும் வெளிநாட்டில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சீசனும் போடிங்கும்

வைகாசி தொடங்கினால் நிலாவெளி, உப்புவெளிக் கரையில் ஓர் அறையின் ஒரு கிழமைக் காசு மாத வாடகையைத் தொட்டுவிடும். வருடம் முழுக்க இருக்கும் குடும்பத்தைச் சித்திரை கடைசியில் அவசரமாக எழுப்ப நினைப்பது அதனால்தான். சீசனுக்கு வீடு வேண்டுமென்றால் அதைக் குத்தகை எழுதும்போதே யோசியுங்கள். பங்குனி (மார்ச்) 31 இல் முடியும் குத்தகையை நொத்தாரிசிடம் எழுதி, அந்தக் காரணத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், வருபவரும் கணக்கோடு வருவார். மாத வாடகையென்றால் மாசி (பிப்ரவரி) முடியுமுன் அறிவித்தல் கையில் கிடைத்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழக வளாக மாணவர்கள் தங்கும் போடிங் அறைகளில், வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து சமையலறையைப் பகிர்ந்தால், அது பெரும்பாலும் வாடகையைவிட அனுமதிக்கு நெருக்கமானது. நியாயமான அவகாசம் கொடுத்து அனுமதியை முடிக்கலாம். போக மறுத்தால் பெட்டியை வீதியில் வைக்கும் உரிமை அங்கேயும் இல்லை. பரீட்சைக் காலத்தில் முடிவுத் திகதி வைக்காமல் இருப்பது சட்டம் கேட்பதல்ல, மனிதர் பார்த்துச் செய்வது.

திறப்பு திரும்பி வரும் நாள்

பகலில், ஒரு சாட்சியோடு போங்கள். மின்மானி, நீர்மானி இரண்டின் இலக்கத்தையும் படமெடுத்து, கடைசிப் பட்டியலைக் கணக்கிடுங்கள். பட்டியல் உங்கள் பெயரில் வருவதால் கட்டாத பாக்கி உங்கள் தலையில்தான் விழும். அட்வான்சில் கழிப்பதானால் அறை அறையாக எழுதி, திருத்த வேலைக்காரரின் விலையோடு காட்டுங்கள். குடிவந்த அன்று எடுத்த படங்கள் இல்லையென்றால் இந்தப் பேச்சு சண்டையில் முடியும். கடற்காற்றில் யன்னல் கிரில் துருவேறுவதும், மழைக்குப் பிறகு சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூப்பதும் இந்த ஊரின் இயல்பு. அதற்குக் குடியிருந்தவரின் காசில் கைவைக்க நியாயமில்லை. உடைந்த வாஷ்பேசினுக்கும் காணாமற்போன மின்விசிறிக்கும் வைக்கலாம்.

மிச்ச அட்வான்சை அங்கேயே எண்ணிக் கொடுத்து, “வீட்டின் காலியான உடைமையை இன்று ஒப்படைத்தேன், இனி எனக்கு அதில் எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை” என்று இரண்டு வரி எழுதி, திகதியோடு இருவரும் கையெழுத்து வையுங்கள். எல்லாத் திறப்புகளும், படலைத் திறப்பு உட்பட, எத்தனை வந்தன என்றும் அதில் குறியுங்கள். பூட்டை மாற்றுவதானால் இப்போது மாற்றலாம்.